எழுபது பர்சென்ட் மழையும் மூணு மா உளுந்தும்

போன வாரம் செவ்வாக்கிழமை, விடியக்காலம் அஞ்சரை மணி. கண்ணு தொறக்கறதுக்கு முன்னாடியே கை ஃபோனைத் தேடுது (கெட்ட பழக்கம்னு தெரியும், அட்வைஸ் வேணாம்). வானிலை ஆப்லேருந்து ஒரு அறிவிப்பு. ரோஸ் கலர்ல ஒரு பூ. பக்கத்துல, வசந்த காலம் வந்தாச்சு, தாராசுரத்துல இந்த வாரம் எப்படின்னு பாருங்கன்னு ஒரு வரி. தொட்டா ஏழு நாளைக்கு ஏழு குட்டி மேகம்.

செவ்வாய் 70%. புதன் 65%. வியாழன் 70%.

மொதல்ல அந்த வசந்த காலம். பங்குனி மாசம், விடியக்காலம் அஞ்சரைக்கே பனியன் முதுகோட ஒட்டிக்கிட்டு இருக்கு. இதுக்குப் பேரு வசந்தமா?

தமிழ்க் கணக்கைப் பார்த்தா அது இன்னும் தமாஷ். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனில். அதாவது மே மாசத்துக் கத்திரி வெயில் மொத்தமும் 'இள'வேனில்லதான் வருது! அப்ப முதுவேனில் எப்போன்னு கேட்டா ஆனி, ஆடி. ஆடியில இங்க காத்துல துணி கொடியோட பறக்கும். பேரு வச்சவங்க எந்த ஊர்ல உக்காந்து வச்சாங்களோ, நிச்சயமா தாராசுரத்துல இல்ல.

எங்க ஊர் வசந்தம் எப்படின்னா, வேப்பமரம் பூத்துக் கொட்டும். அம்மா மரத்தடியில பழைய வேட்டியை விரிச்சு வச்சுப் பூ சேர்ப்பாங்க, ரசத்துக்கு. மேட்டூர் அணையை ஜனவரி 28-ல மூடியிருப்பாங்க, அதனால அரசலாறு மணல் தெரியக் கெடக்கும், பசங்க நடு ஆத்துல ஸ்டம்ப் ஊனிடுவாங்க. கோயிலுக்கு வர்ற டூரிஸ்ட்டுங்க மத்தியானம் பன்னெண்டு மணிக்குச் செருப்பைக் கழட்டிட்டுக் கல்தரையில ஒரு பத்தடி நடந்துட்டு, அப்புறம் நடக்க மாட்டாங்க. குதிப்பாங்க.

(ஐராவதேசுவரர் கோயில் கதை தெரியும்ல? துர்வாசர் சாபத்துல வெள்ளை நெறம் போன ஐராவதம் இங்க கும்பிட்டு நெறத்தைத் திரும்ப வாங்கிச்சு. அது பாதிக் கதைதான். மீதிப் பாதியில எமன் வர்றார். ஒரு ரிஷி சாபத்தால உடம்பெல்லாம் எரிச்சல் தாங்காம வந்து, இங்க குளத்துல முங்கினதும் சரியாப் போச்சாம். எமதீர்த்தம்னு பேரே இருக்கு. எமனுக்கே எரிச்சல் தாங்காத ஊருக்கு ஆப்காரன் ரோஸ் பூ அனுப்பறான்.)

சரி, பூவை விடுங்க. என் கோவம் பூ மேல இல்ல. அந்த எழுபது மேல.

பட்டீஸ்வரம் பக்கம் எங்களுக்கு மூணு மா நெலம் இருக்கு. டெல்டாவுக்கு வெளியில இருக்கறவங்களுக்கு: மூணு மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, நெல்லு நிக்கும்போதே ஈரத்துல உளுந்தை வெதைச்சு விட்டுடுவோம். அறுப்பு முடிஞ்சா தாளுக்கு நடுவுல உளுந்து மொளைச்சு நிக்கும். அதுக்குன்னு தண்ணி பாய்ச்சறது கெடையாது. மண்ணுல மிச்சம் இருக்கற ஈரம், ராத்திரிப் பனி, அவ்வளவுதான் சாப்பாடு. நாங்க போட்டது ஆடுதுறை-3. நெல் தரிசுக்குன்னே பக்கத்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்துலேருந்து வந்த பழைய ரகம். எழுபது, எழுபத்தஞ்சு நாள்ல காய் கறுத்துடும்.

கறுத்த காய் மேல மழை விழக்கூடாது. அவ்வளவுதான் சட்டம். விழுந்தா நெத்துக்குள்ளயே முளை விட்டுடும், இல்லன்னா பூசணம் பூத்துடும்.

திங்கக்கிழமை ஒண்ணரை மா பறிச்சாச்சு. செடி களத்துல கெடக்கு. மிச்சம் ஒண்ணரை மாவுக்கு செவ்வாக்கிழமை ஆள் சொல்லியிருந்தேன். இந்த நேரத்துல 70%!

ஆளுங்களுக்கு ஃபோன் போட்டு வேணாம்னு சொல்லிட்டேன். வண்டியை எடுத்துக்கிட்டு ஓடி, களத்துல கெடந்த செடியை அள்ளி அம்பாரமாக் குமிச்சு, மேல படுதா போட்டு, நாலு பக்கமும் செங்கல்லு வச்சேன். திரும்பி வந்து அம்மாகிட்ட, "இன்னிக்குக் கூழ் வத்தல் போடாதீங்கம்மா, மழை வருது"ன்னேன். எதிர் வீட்டுத் தறிக்கார அண்ணன்கிட்டயும் சொன்னேன். தெரு முனை டீக்கடையில யாரும் கேக்காமலே சொன்னேன்.

(தெருவுல எனக்கு 'ரமணன்'னு பேரு. டி.வி.யில மழை அறிவிப்பு சொல்லிக்கிட்டிருந்த எஸ்.ஆர்.ரமணன் 2016-ல ஓய்வு வாங்கிட்டார், ஆனா அவர் பேரு ஓய்வு வாங்கலை. லீவு கெடைக்குமான்னு டி.வி. முன்னாடி காத்துக்கிட்டிருந்த புள்ளைங்களுக்கு அவர் சாமி மாதிரி. எனக்கு அந்தப் பேரை வச்சது மரியாதைக்குன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன், போன வாரம் வரைக்கும்.)

செவ்வாய் மழை இல்ல. புதன் மழை இல்ல. வியாழன் மேற்க கொஞ்சம் கறுத்துச்சு, டீக்கடைக்காரர் பெஞ்சை உள்ள இழுத்தார், அப்புறம் அதுவும் கலைஞ்சு போச்சு.

வியாழன் சாயங்காலம் படுதாவை ஒரு ஓரமாத் தூக்கி, செடிக்குள்ள கையை விட்டேன். சூடு. ஈரமான சூடு. சாணி எரு குப்பைக்குள்ள கை விட்டா எப்படி இருக்குமோ அப்படி. ஒரு புளிச்ச வாடை வேற. காயாத செடியை மூணு நாள் மூடி வச்சா அது சும்மா கெடக்குமா? புழுங்கிடுச்சு. வராத மழைக்கு இப்படி ஒரு நஷ்டம்.

வெள்ளிக்கிழமை ஆப் மனசு மாறிடுச்சு. மேகம் போயி மஞ்சச் சூரியன். 10%.

நானும் மனசு மாறினேன். படுதாவைப் பிரிச்சு செடியைக் களம் முழுக்கப் பரத்திவிட்டுட்டு வந்தேன். அம்மா மூணு நாளாத் தள்ளிப் போட்ட கூழைக் கிண்டி, மொட்டை மாடியில வேட்டி விரிச்சு ரெண்டு படி அரிசி மாவுக்கும் பிழிஞ்சு முடிச்சாங்க. மத்தியானம் மூணே முக்கால் இருக்கும். புழுக்கம் தாங்கலை. இலை ஆடலை. மூணு ஐம்பத்தஞ்சுக்கு ஒரு குளிர்ந்த காத்து தெருப் புழுதியை அள்ளிக்கிட்டு வந்துச்சு. நாலு மணிக்குக் கொட்டுச்சு.

அம்மா மாடிப்படியில ஏறின வேகத்தை நீங்க பார்க்கணும். அறுபத்தெட்டு வயசு.

நான் வண்டியை எடுத்தேன். ரெயின்கோட் இல்ல, தலையில பாலித்தீன் கவர். பட்டீஸ்வரம் ரோட்டுல கண்ணு தெரியலை, கன்னத்துல ஜல்லி அடிக்கற மாதிரி விழுது. உளுந்து போச்சு, உளுந்து போச்சுன்னு ஒரே நெனைப்பு. ரெண்டு கிலோமீட்டர் போயிருப்பேன், மழை மெலிஞ்சுது. மூணாவது கிலோமீட்டர்ல ரோடு காஞ்சு கெடக்கு. களத்துக்குப் போனா, நாய் ஒண்ணு வெயில்ல படுத்திருக்கு. புழுதி பறக்குது. பக்கத்துக் களத்துல உளுந்து தூத்திக்கிட்டிருந்த அக்கா என்னை மேலேருந்து கீழ வரைக்கும் பார்த்துட்டு, "ஏன் தம்பி, வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சா?"ன்னாங்க.

சொட்டச் சொட்ட நின்னேன். என்ன பதில் சொல்றது?

அன்னிக்கு ராத்திரி முடிவு பண்ணினேன், இந்த பர்சென்ட்னா என்னன்னு தெரிஞ்சுக்காம தூங்கறதில்லன்னு.

மொதல்ல ஒரு ஆறுதல். இந்தக் கேள்வியில முழிக்கறது நான் மட்டும் இல்ல. ஜெர்மனியில கெர்ட் கிகரென்சர்னு ஒரு உளவியல் அறிஞர் இருக்கார். அவரும் கூட இருந்தவங்களும் நியூயார்க், ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலான்னு அஞ்சு ஊர்ல ஆளுங்களைப் புடிச்சு, நாளைக்கு 30% மழைன்னா என்ன அர்த்தம்னு கேட்டிருக்காங்க. 2005-ல அந்த ஆராய்ச்சி வெளிவந்துச்சு. சிலர் நாள்ல முப்பது பர்சென்ட் நேரம் பெய்யும்னாங்க. சிலர் ஊர்ல முப்பது பர்சென்ட் எடத்துல பெய்யும்னாங்க. சரியான அர்த்தம், நாளைக்கு மாதிரி வானம் இருக்கற நாள்ல பத்துக்கு மூணு நாள் மழை விழும்ங்கறது. அதைப் பெரும்பாலானவங்க சொன்னது நியூயார்க்ல மட்டும்தான்.

நான் என்ன அர்த்தம் பண்ணி வச்சிருந்தேன்? 70-க்கு மேலன்னா பெய்யும், 30-க்குக் கீழன்னா பெய்யாது. பள்ளிக்கூடத்துல பாஸ் மார்க் பார்த்த புத்தி.

அடுத்தது, 'மழை'ன்னா எவ்வளவு? இதுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. நம்ம இந்திய வானிலைத் துறை கணக்குல ஒரு நாள்ல 2.5 மில்லிமீட்டராவது பெஞ்சாத்தான் அது மழை நாள். அமெரிக்காக்காரங்க பர்சென்ட் சொல்லும்போது நூத்துல ஒரு இஞ்ச், அதாவது கால் மில்லிமீட்டர் விழுந்தாலே மழை. கால் மில்லிமீட்டர்ல கோலம்கூடக் கலையாது. என் ஆப் எந்தக் கணக்குல 70 போட்டுச்சுன்னு அது எங்கயும் சொல்லலை, தேடித் தேடிப் பார்த்துட்டேன்.

மூணாவதுதான் முக்கியம். ஆப்ல 'தாராசுரம்'னு போட்டிருக்கே, அது நம்ம ஊருக்குன்னு யாரோ உக்காந்து பார்த்துச் சொன்னதுன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன். கெடையாது. உலகத்தையே கட்டம் கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துக்கும் கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போடும். ஐரோப்பிய வானிலை மையத்தோட பெரிய கணக்குல ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர். நம்ம நாட்டுக் கணக்கு 12 கிலோமீட்டரா இருந்துச்சு. 2025 மே மாசம் பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம்னு புதுசா ஒண்ணு கொண்டாந்து அதை 6 ஆக்கிட்டாங்க (பெருமையான விஷயம், நெஜமா). ஆனா ஒம்போது கிலோமீட்டர் கட்டத்தை எங்க ஊர் மேல வச்சுப் பாருங்க. தாராசுரம், கும்பகோணத்துல பாதி, சுவாமிமலை, பட்டீஸ்வரம் எல்லாம் அதுக்குள்ள அடங்கிடும். பங்குனி மாசத்து இடி மேகத்துக்கு அகலமே சில சமயம் ரெண்டு மூணு கிலோமீட்டர்தான் இருக்கும். எங்க தெருவுல கொட்டும், பட்டீஸ்வரத்துல நாய் வெயில் காயும். கட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

இங்க நான் ஒருத்தர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். சென்னை மண்டல வானிலை மையத்துகிட்ட.

"ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை." எத்தனை வருஷமா இதை வச்சு நக்கல் பண்ணியிருப்போம்! எந்த ஓரிரு இடம், தமிழ்நாடு முழுக்க எங்கயாவது ஒரு எடத்துல பெய்யத்தானே செய்யும், இதைச் சொல்ல ஒரு ஆபீஸான்னு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த வார்த்தைக்குக் கணக்கு இருக்கு. அந்தப் பகுதியில இருக்கற மழைமானி நிலையங்கள்ல நூத்துக்கு 25 வரைக்கும் மழை பதிவானா அது ஓரிரு இடங்கள். 26-லேருந்து 50 வரைக்கும் ஒரு சில இடங்கள். அதுக்கும் மேல 75 வரைக்கும் போனா அது வேற வார்த்தை, அதையும் தாண்டினா பெரும்பாலான இடங்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லலை, அளந்து சொல்றாங்க.

போன வாரம் பூரா டெல்டா மாவட்டங்களுக்கு அவங்க சொன்னது அந்த 'ஓரிரு'தான். திரும்பப் போய்ப் படிச்சேன். வெள்ளிக்கிழமை எனக்கு நடந்தது அதேதான்! ஓரிரு எடத்துல என் வீடு இருந்துச்சு, என் களம் இல்ல. எந்த எடம்னு சொல்ல முடியாதுங்கறதை அந்த வார்த்தை ஒளிக்கவே இல்ல. ரோஸ் பூ போட்டவன்தான் தாராசுரம்னு பேரைப் போட்டு, தெரிஞ்ச மாதிரி ஒரு நம்பரை நீட்டினான். அவன்கிட்ட ஏமாந்துட்டு, நேர்மையாச் சொன்னவங்களை இவ்வளவு நாளா நான் கேலி பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்.

சனிக்கிழமை காலையில தறிக்கார அண்ணன் வாசல்ல நின்னார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டே போகப் பார்த்தேன். கூப்பிட்டார்.

"என்ன ரமணன் சார், நீங்க சொன்னீங்கன்னு மூணு நாளாப் பாவு போடாம உக்காந்துட்டேன்."

தாராசுரத்துப் பட்டுத் தறித் தெருவை விடியக்காலத்துல பார்க்காதவங்களுக்குச் சொல்றேன். தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டியிருப்பாங்க, அதுதான் பாவு. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆள் நிப்பாங்க, அறுந்த இழையைத் தேடித் தேடி முடிபோட்டுக்கிட்டே ஒருத்தர் நடப்பார். சைக்கிள் வந்தா இறங்கி ஓரமாத் தள்ளிக்கிட்டுப் போகணும். சூரியன் மேல வர்றதுக்குள்ள வேலையை முடிச்சுச் சுருட்டிடுவாங்க, வெயில் ஏறினா நூல் மொறுமொறுன்னு ஆகி அறுந்துடும். மழை பட்டா கேக்கவே வேணாம். அதுக்குத்தான் நான் மழைன்னு சொன்னதும் மனுஷன் நிறுத்திட்டார்.

மன்னிச்சுக்குங்க அண்ணேன்னேன். அவர் சிரிச்சார். அப்புறம் அவர் கேட்டதுதான் என்னை நிறுத்திடுச்சு.

"நேத்து மழை எத்தனை மணிக்கு வந்துச்சு தம்பி?"

"நாலு மணிக்கு அண்ணே."

"பங்குனி சித்திரையில மழை எப்பவுமே மூணு மணிக்கு மேலதானே வருது? எனக்கு வேலை அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு ஏழரைக்கு முடிஞ்சுடும். நேத்துகூட முடிச்சுச் சுருட்டி உள்ள வச்சாச்சு. அந்த எழுபதை நான்தான் யோசிக்காமக் கேட்டுட்டேன்."

ஆமால்ல!

ஐப்பசி கார்த்திகை மழை வேற. அது கடல்லேருந்து வர்றது, விடியக்காலம் மூணு மணிக்கும் கொட்டும், நாள் பூராவும் நசநசன்னு ஊத்தும் (அப்ப தறிக்குழிக்குள்ளயே தண்ணி ஊறி நிக்கும், அது தனி அழுகை). கோடை மழை நம்ம ஊர்லயே சமைக்கறது. காலைலேருந்து மண்ணு சூடேறணும். மத்தியானத்துக்கு மேல காரைக்கால், நாகப்பட்டினம் பக்கத்துலேருந்து கடக்காத்து ஈரத்தை எடுத்துக்கிட்டு உள்ள வரணும். மேற்கேருந்து வர்ற வறண்ட காத்தோட அது மோதற எடத்துல மேகம் தூணு மாதிரி எழும்பும். அதனாலதான் அடுப்பு சூடாகறதுக்கு முன்னாடி, காலையில இந்த மழை வர்றதில்ல. ஒரு நாளைக்கு ஒரே நம்பர்னு கொடுத்தா, விடியக்கால வேலைக்காரருக்கும் சாயங்கால வேலைக்காரருக்கும் ஒரே செருப்பைக் கொடுத்த மாதிரி.

இதெல்லாம் தெரியறதுக்கு முன்னாடியே எனக்கு ஒரு வேகம் இருந்துச்சு. சொந்தமா மழைமானி செய்யப் போறேன்னு கெளம்பியிருந்தேன்.

மொதல் முயற்சி, பிளாஸ்டிக் வாளி. மேல அகலம், கீழ குறுகல். ஸ்கேல் வச்சு அளந்தா கணக்கு ஏறுமாறா வரும்னு என் பையன் சொன்னான் (எட்டாம் வகுப்பு. அவனுக்குத் தெரியுது). ரெண்டாவது, நேரான டின். கொல்லையில வச்சேன், முருங்கை மரத்தடியில. நம்ம தோட்டக்குழாய்ல பாத்திரம் கழுவின தண்ணி தெறிச்சு, மழையே இல்லாத அன்னிக்கு ரெண்டு மில்லிமீட்டர் பதிவாச்சு. மூணாவது, அதே டின், மொட்டை மாடி நடுவுல, நாலு செங்கல்லு அண்டக் குடுத்து. இதுதான் வெள்ளிக்கிழமை மழையைப் புடிச்சுது. ஆனா நான் பட்டீஸ்வரத்துலேருந்து நனைஞ்சு வர்றதுக்குள்ள ரெண்டு காக்கா அதுல தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. காக்கா குடிச்சது போக 11 மில்லிமீட்டர்.

பதினொண்ணுதானான்னு நெனைக்காதீங்க. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர்னா ஒரு லிட்டர் தண்ணி. ஒரு ஏக்கர்ல பத்து மில்லிமீட்டர் பெஞ்சா நாப்பதாயிரம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரி நாலு, வரிசையா வந்து என் உளுந்து மேல கவுத்த மாதிரி. அன்னிக்கு நான் அப்படிப் பதறினதுல தப்பே இல்ல.

அம்மாவுக்கு இதெல்லாம் சிரிப்பு. அவங்களுக்கு உப்பு ஜாடி இருக்கு. கல்லு உப்பு கசிஞ்சு ஜாடி ஓரத்துல தண்ணி கோத்தா மழை. தட்டான் தாழப் பறந்தா மழை. எறும்பு முட்டையைத் தூக்கிக்கிட்டு சுவர்ல ஏறினா மழை. வெள்ளிக்கிழமை காலையில உப்பு என்ன சொல்லுச்சும்மான்னு கேட்டேன். "கசிஞ்சுதான் இருந்துச்சு. நீதான் சூரியன் போட்டிருக்குன்னு சொன்னியே"ன்னாங்க.

உப்பு கசியறது காத்துல ஈரம் ஏறினதால, அது சரிதான். ஆனா டெல்டாவுல காத்துல ஈரம் இல்லாத நாள் எது? போன வாரத்தை அம்மாகிட்ட கேட்டு நோட்டு போட்டுப் பார்த்தேன், ஜாடி ஏழு நாள்ல அஞ்சு நாள் கசிஞ்சுது, மழை ஒரு நாள். (அம்மாகிட்ட இந்தக் கணக்கைச் சொல்லலை. ரெண்டு படி வத்தல் கூழா ஆனதுக்கு அப்புறம் சொல்ற தைரியம் யாருக்கு இருக்கு?)

பஞ்சாங்கம் இன்னும் துணிச்சல். வருஷப் பொறப்பு அன்னிக்குப் படிக்கும்போது இந்த வருஷம் எந்த மேகம், எத்தனை மரக்கால் மழை, அதுல கடல்ல எவ்வளவு, மலையில எவ்வளவு, பூமியில எவ்வளவுன்னு பாகம் பிரிச்சுடுவாங்க. மார்கழியில கர்ப்போட்டம்னு ஒண்ணு பார்ப்பாங்க. அந்தப் பதிமூணு, பதினாலு நாள்ல மேகம் கரு தரிக்குது, பிற்பாடு மழையாப் பொறக்குதுன்னு கணக்கு. வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில அந்தக் கர்ப்ப காலத்தை 195 நாள்னு வச்சிருக்கார். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா ஆறரை மாசத்துக்கு முன்னாடியே தேதி குறிச்சுட்டு உக்காந்த அந்த ஆளோட தில் எனக்குப் புடிச்சிருக்கு. ஆப் ஏழு நாளைக்கே முழிக்குது.

வெயில் பத்தியும் ஒரு வரி. ஆப் 36 டிகிரின்னு போட்டுட்டு, பக்கத்துல 'உணரும் வெப்பம்' 43-ன்னு போடுது. நெறைய பேர் இது பொய்யின்னு சொல்றாங்க. இல்ல. 36-ங்கறது நிழல்ல, காத்தோட்டமா, தரையிலேருந்து நாலடி ஒயரத்துல வெள்ளை மரப்பெட்டிக்குள்ள வச்ச தெர்மாமீட்டர் காட்டறது. ஸ்டீவன்சன் பெட்டின்னு பேரு. செஞ்சவர் தாமஸ் ஸ்டீவன்சன், 'புதையல் தீவு' எழுதினாரே ஆர்.எல்.ஸ்டீவன்சன், அவரோட அப்பா! தெர்மாமீட்டருக்கு வேர்க்காது. நமக்கு வேர்க்கும், இந்த ஈரக்காத்துல அந்த வேர்வை காயாது, அதனால உடம்பு ஆறாது. சமவெளியில 40-ஐத் தொட்டாத்தான் வெப்ப அலைன்னு யோசிக்கவே ஆரம்பிப்பாங்க. எங்க ஊர் பங்குனியில 40-க்கெல்லாம் போறதில்ல. 36-லயே ஆளை வேக வச்சுடும். புட்டுக் குழாய்ல நெருப்பா படுது? ஆவிதானே.

இப்ப நான் என்ன பண்றேன்னா, காலையில ஆப் பார்க்கறதை விட்டுட்டேன். சென்னை மையத்து அறிக்கையில 'ஓரிரு'வா 'ஒரு சில'வான்னு மட்டும் பார்த்துக்கறேன். மத்தியானம் ரெண்டரைக்கு மேல காரைக்கால் ராடார் படத்தைத் தொறந்து வச்சுக்கறேன். கலர் கலராத் திட்டுத் திட்டாத் தெரியும். பெரம்பலூர், புதுக்கோட்டை பக்கம் ஒண்ணு மொளைக்கும், தஞ்சாவூரை நோக்கி நகரும், பாபநாசம் வர்றதுக்குள்ள பாதி தடவை கரைஞ்சே போயிடும். கரையாம வந்தா எனக்கு ஒரு முக்கா மணி நேரம் இருக்கு, படுதா போட அது போதும். ஏழு நாள் கணிப்பு எனக்கு வேணாம், முக்கா மணி நேரம் குடுங்க.

இடி இடிக்க ஆரம்பிச்சா களத்துக்குப் போறதில்லன்னும் முடிவு. வெள்ளிக்கிழமை நான் பண்ணினது முட்டாள்தனம். திறந்த வெளியில வண்டியில போனேன். உளுந்து அடுத்த வருஷமும் மொளைக்கும். (வீட்ல இதைப் படிக்கறவங்க கவனத்துக்கு: திருந்திட்டேன்.)

இன்னொண்ணு, நான் மழை வேணாம் வேணாம்னு இருக்கேன், பக்கத்து நெலத்துக்காரர் வேணும் வேணும்னு இருக்கார். அவர் உளுந்தை எடுத்து முடிச்சுட்டார். ஒரு உழவு மழை கெடைச்சா கோடை உழவு ஓட்டிப் போட்டுடலாம்னு நிக்கறார். எங்களுக்கு நடுவுல ஒரு வரப்புதான். வானம் யார் பேச்சைக் கேக்கும்?

புழுங்கின உளுந்து என்னாச்சுன்னு கேப்பீங்க. ஞாயித்துக்கிழமை டிராக்டர் ஏத்தி அடிச்சுத் தூத்தினோம். வியாபாரி வந்தார். ஒரு கை அள்ளினார், உள்ளங்கையில பரத்தினார், மூக்குகிட்ட கொண்டு போனார். ஒண்ணும் பேசலை. ஒரு மணியைப் பல்லுல கடிச்சுத் துப்பிட்டு, "மூடி வச்சீங்களா?"ன்னார்.

மிச்சம் ஒண்ணரை மா இன்னும் நிக்குது. அதனால இந்த வாரத்துக்கு ரமணனோட கணிப்பு (நம்பினா உங்க பொறுப்பு):

செவ்வாய்: வெயில் 36-ஐ ஒட்டி. காலையில பாவு போடலாம். வத்தல் போடலாம், மூணு மணிக்கு உள்ள எடுத்துடணும்.

புதன்: அதே. ஆள் சொல்லியாச்சு, விடியக்காலம் பறிப்பு.

வியாழன்: ஓரிரு இடங்களில். மாடியையும் களத்தையும் ஒரே நேரத்துல பார்த்துக்க முடியாது, அம்மா மாடி, நான் களம்.

வெள்ளி: போன வெள்ளிக்கிழமையை நெனைச்சு, கூழ் கெடையாது. அம்மா உத்தரவு.

சனி: டிராக்டருக்குச் சொல்லியிருக்கு. மத்தியானத்துக்குள்ள அடிச்சு முடிச்சுடணும்.

ஞாயிறு: சாயங்காலம் நாலு மணிக்கு மேல கொட்டினாலும் சரி. உளுந்து அதுக்குள்ள மூட்டையில இருக்கும், பக்கத்து நெலத்துக்காரர் ஏர் பூட்டட்டும், நான் டின் பக்கத்துல உக்காந்து காக்கா ஓட்டறேன்.